நாரோபோட்டில் கூலன்ட் ஒழுகி ஹீட்டர் நின்றுவிட்டால்: கசிவைக் கண்டுபிடிப்பது முதல் இழப்பீடு கேட்பது வரை முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்துக் கால்வாய்களில் நாரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகில் குடியிருப்பவர்கள் குளிர்காலத்தில் அதிகம் பயப்படுவது ஹீட்டர் நின்றுபோவதற்குத்தான். படகின் அகலம் ஏழடிக்கும் குறைவு. பக்கச் சுவர் 6 மி.மீ. இரும்புத்தகடு, அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள். வெளியே உறைபனி என்றால், ஹீட்டர் நின்ற சில மணி நேரத்திலேயே உள்ளே உட்கார முடியாது.

இப்படி நின்றுபோன பல படகுகளில் கதை ஒன்றுதான். ஹீட்டரின் சூட்டை ரேடியேட்டர்களுக்குக் கொண்டுபோகும் திரவமான கூலன்ட் எங்கோ ஒழுகுகிறது, யாரும் கவனிப்பதில்லை. ஹீட்டர் சட்டென்று சூடேறி அணைகிறது, மறுபடி பற்றுகிறது, கடைசியில் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. படகுக்காரர் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார். கொஞ்ச நாள் ஓடி மறுபடி நிற்கிறது. மெக்கானிக் வந்து, தீயைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றுகிறார், அப்புறம் டீசல் பம்பை மாற்றுகிறார், அதன்பின் "ஹீட்டரே போயிற்று, புதுசு போட்டுவிடலாம்" என்கிறார். ஆயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்துப் புதுசு போட்ட பிறகும் அதே கதை தொடர்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: ஹீட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் கூலன்ட், அடுத்து மின்சாரம், அடுத்து டீசல். இந்த மூன்றும் சரி என்று தெரிந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். கெட்டுப்போனது பெரும்பாலும் அந்தப் பெட்டி அல்ல, அதைச் சுற்றி யாரோ அவசரத்தில் செய்த குழாய் வேலை. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில்: இந்த ஹீட்டர் எப்படி ஓடுகிறது

வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் டீசல் ஹீட்டர்கள் அடிப்படையில் வண்டிகளுக்காக வந்தவை. நாரோபோட்டில் பெரும்பாலும் 5 கிலோவாட் அளவுள்ளது இருக்கும். பின்பக்க எஞ்சின் அறையில் பொருத்தியிருப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுழலும், க்ளோ பிளக் பழுக்கும், டீசல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தரும், தீ பற்றும். உள்ளே இருக்கும் சிறிய பம்ப் கூலன்ட்டைச் சுழற்ற, அது ரேடியேட்டர்களையும் கேலரிஃபையர் என்ற வெந்நீர்த் தொட்டியின் சுருளையும் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

கூலன்ட் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ஹீட்டர் பாதி வேகத்துக்கு இறங்கும், 80-ஐ ஒட்டி அணைந்து காத்திருக்கும். மாடலுக்கு மாடல் இது சற்று மாறும். கூலன்ட் குறைந்தாலோ காற்று புகுந்தாலோ என்ன ஆகும்? பெட்டிக்குள் இருக்கும் கொஞ்சம் திரவம் மட்டும் உடனே கொதிநிலையை நெருங்கும். அதைப் பார்த்த சென்சார் தீயை அணைக்கும். இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் கட்டுப்பாட்டுப் பலகை பூட்டிக்கொள்ளும். அதாவது, பூட்டிக்கொண்ட ஹீட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 1: நிறுத்துங்கள், உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்

ஹீட்டரை அதன் கன்ட்ரோலரில்தான் அணைக்க வேண்டும். பேட்டரி மெயின் சுவிட்சை இழுத்து அணைக்காதீர்கள். அணைத்த பிறகும் ஃபேனும் பம்பும் சில நிமிடம் ஓடி உள்சூட்டை வெளியேற்றும். அதைத் தடுத்தால் நல்ல ஹீட்டரும் கருகும். பற்றவில்லை என்று மறுபடி மறுபடி ஸ்டார்ட் கொடுக்கவும் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் எரியாத டீசல் பர்னருக்குள் தேங்கும்.

படகில் விறகு, நிலக்கரி அடுப்பு இருந்தால் அதை மூட்டலாம் என்றுதான் மனம் போகும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அடுப்பின் பின்னால் பேக் பாய்லர் (அடுப்புச் சூட்டில் தண்ணீரைச் சூடாக்கும் பெட்டி) இருக்கிறதா, அது இதே ரேடியேட்டர் சுற்றில் சேர்ந்திருக்கிறதா? அப்படியானால் கூலன்ட் இல்லாத நிலையில் அடுப்பை மூட்டவே கூடாது. காய்ந்த பாய்லர் விரிசல் விடும். பாதி நிரம்பியிருந்தால் உள்ளே நீராவி அடைத்து வெடிக்கவும் கூடும். பேக் பாய்லர் இல்லாத அடுப்பானால் தாராளமாக மூட்டுங்கள்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்திச் சோதியுங்கள். படகுக்கு உகந்தது ஈஎன் 50291-2 என்று அச்சிட்ட வகை. தங்கும் அறை உள்ள படகுகளுக்கு, படகுப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் போட் சேஃப்டி ஸ்கீம் 2019 ஏப்ரல் முதல் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

படி 2: ஸ்பேனரை எடுக்கும் முன் படம் எடுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பின்னால் அதுதான் வினையாகிறது. ஒவ்வொரு இணைப்பையும், கிளிப்பையும், தேங்கிய இடத்தையும், கன்ட்ரோலர் காட்டும் பிழை எண்ணையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அளவுக்கு அருகில் ஒரு ஸ்கேலை வையுங்கள். ஹெடர் டேங்கில் (கூலன்ட் ஊற்றி நிரப்பும் சிறு தொட்டி) கூலன்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் எடுங்கள். வேலை செய்தவரிடம் பணம் திரும்பக் கேட்கும் நிலை வந்தால், "நீங்களே கழற்றி மாற்றிவிட்டீர்கள், எங்கள் வேலை நன்றாகத்தான் இருந்தது" என்ற பதிலுக்கு இந்தப் படங்கள்தான் மறுமொழி.

படி 3: ஒழுகியது எது, எங்கிருந்து

நாரோபோட்டில் தரைப்பலகைக்குக் கீழே கல்லோ கான்கிரீட் பலகையோ பாரமாக அடுக்கியிருப்பார்கள். அதற்குக் கீழே அடித்தகடு. முன்பக்கத்தில் ஒழுகினாலும் படகின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பதால் எல்லாம் பின்னால் வந்து சேரும். அதனால் கேபினின் பின்கோடியில் இருக்கும் சோதனை மூடியைத் திறந்து பாருங்கள். அப்படி ஒரு மூடியே இல்லை என்றால் வெட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தேங்கியிருப்பது என்ன? மழைத்தண்ணீரா, குடிநீர்க் குழாயா, கண்ணாடியில் வியர்த்து வழிந்ததா, கூலன்ட்டா? வெள்ளைக் காகிதத் துண்டை நனைத்து எடுங்கள். இளஞ்சிவப்போ நீலமோ பச்சையோ தெரிந்து, விரலுக்கிடையில் தேய்த்தால் வழுவழு என்று ஒட்டினால் கூலன்ட்தான். பல கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், நாயையோ பூனையையோ நெருங்க விடாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி இருந்தால் சந்தேகமே இல்லை: ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உறைநிலைக் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே நிற்கும். சுத்தத் தண்ணீர் என்றால் பூஜ்ஜியத்திலேயே நிற்கும்.

தேங்கியதை ஈரம் உறிஞ்சும் வேக்குவமால் எடுத்துக் கேனில் ஊற்றுங்கள். படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பைப் போட்டுக் கால்வாயில் தள்ளிவிடாதீர்கள். கிளைக்கால் மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன்கள் மூச்சுத் திணறும். சட்டப்படியும் அது குற்றம்.

தரை காய்ந்த பிறகு கசிவைத் தேடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, மறுநாள் எது நிறம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். மிக எளிய முறை, ஆனால் கண்ணுக்குத் தெரியாத கசிவையும் பிடித்துக் கொடுக்கும். ஆறியிருக்கும்போது மட்டும் ஒழுகும் இணைப்புகளும் உண்டு. சூட்டில் விரிந்த ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், காலையில் சுருங்கியதும் சொட்டும். ஆகவே விடிகாலைச் சோதனை முக்கியம்.

அப்படியும் தெரியவில்லையா? காரின் கூலிங் சிஸ்டத்துக்கு விற்கும் கைப்பம்ப் பிரஷர் டெஸ்டரை வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹெடர் டேங்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுற்றுக்கு 1 பார் அழுத்தம் கொடுத்து அரை மணி விடுங்கள். முள் இறங்கினால் கசிவு நிச்சயம். சுற்றைப் பாதிப் பாதியாக அடைத்துச் சோதித்தால் எந்தப் பாதியில் என்று சீக்கிரம் பிடிபடும். 1 பாருக்கு மேல் போக வேண்டாம்.

ஒரு விசித்திரமான நிலைமையும் உண்டு. எங்கும் ஈரமே இல்லை, ஆனால் ஹெடர் டேங்க் தானாக நிரம்பி வழிகிறது. அப்படியானால் கேலரிஃபையர் சுருளில் ஓட்டை. குடிநீர் பம்பின் அழுத்தம் அதிகம், அதனால் தொட்டித் தண்ணீர் சுருளுக்குள் புகுந்து கூலன்ட்டை மேலே தள்ளுகிறது. குடிநீர் பம்பை அணைத்துவிட்டு ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினால் டேங்க் ஏறுவது நிற்கும். நிலைமை தலைகீழானால் கூலன்ட் வெந்நீர்க் குழாயில் வரும். இதைக் கண்டதும் அந்த வெந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். தொட்டியை மாற்றும்வரை வேறு வழியில்லை.

சில படகுகளில் ஹீட்டரை எஞ்சினின் கூலன்ட் சுற்றிலேயே சேர்த்திருப்பார்கள். அப்படியானால் ரேடியேட்டரில் ஒழுகுவது எஞ்சினின் கூலன்ட்தான். அளவைப் பார்க்காமல் படகை ஓட்டினால் சிலிண்டர் ஹெட் போய்விடும்.

படி 4: அரைகுறை வேலையை அடையாளம் காண்பது

நான் பார்த்த கசிவுகளில் பொருள் தேய்ந்து ஒழுகியது குறைவு. பொருத்தியவரின் கைவேலையால் ஒழுகியதுதான் அதிகம். எதை எதைத் தேட வேண்டும் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் குற்றவாளி, வழவழப்பான செம்புக் குழாயின் மேல் ரப்பர் ஹோஸை நுழைத்து வெறும் கிளிப் போட்டு விடுவது. கார் ரேடியேட்டரின் முனையில் ஒரு புடைப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஹோஸ் நழுவாமல் இருக்கத்தான் அது. வெட்டிய செம்புக் குழாயில் அது கிடையாது. கிளைக்கால் வழுக்கும், சூடு ரப்பரை இளக்கும், பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். நார்தாம்ப்டன்ஷயரில் பிரான்ஸ்டன் பக்கம் கரையில் கட்டி நிறுத்தியிருந்த ஒரு நண்பரின் படகில், ஹோஸ் முன்பு இருந்த இடம் செம்பில் பளபளவென்று ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதற்கு வெளியே குழாய் பழுப்பேறியிருந்தது. அந்தப் பட்டையின் அகலம்தான் ஹோஸ் நழுவிய தூரம், இன்னும் சில மி.மீ. போயிருந்தால் முழுவதும் கழன்றிருக்கும். அதைப் பொருத்தியவர் ஏற்கெனவே இரண்டு உதிரி பாகங்களை மாற்றிப் பணமும் வாங்கியிருந்தார், அந்த ஹோஸை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. முனையில் ஆலிவ் என்ற சிறு உலோக வளையத்தைச் சால்டர் வைத்து ஒட்டி, அதற்குப் பின்னால் கிளிப்பைப் போட்டிருந்தால் போதும். சில பென்ஸ் செலவுதான்.

அடுத்தது அளவு பொருந்தாத ஹோஸ். ஹீட்டரின் மூக்கு 18 அல்லது 20 மி.மீ., வீட்டுக் குழாய் 15 அல்லது 22 மி.மீ. இந்த இரண்டுக்கும் இடையே சரியான ரிடியூசர் போட வேண்டும். அதற்குப் பதில் பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்து இறுக்கியிருப்பார்கள். நெரித்த இடத்தில் ரப்பர் மடிந்து ஒரு சிறிய ஓடை உண்டாகும். கிளிப்பின் பல் ரப்பரை வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிளாஸ்டிக் புஷ்ஃபிட் குழாய் (இணைப்பில் அழுத்திச் செருகும் வகை) போட்டிருந்தால் ஒவ்வொரு முனையிலும் உள்ளே ஒரு தாங்கு குழல் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் சூட்டில் குழாய் இளகி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் பிடி தளரும். ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் மற்ற எல்லா முனையிலும் இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரிலிருந்து வெளிவரும் முதல் ஒரு மீட்டராவது செம்பாகவோ உயர்வெப்ப ஹோஸாகவோ இருக்க வேண்டும். நேராகப் பிளாஸ்டிக்கை மாட்டியிருந்தால் அது தவறு.

நட்டை முறுக்கி இறுக்கும் கம்ப்ரெஷன் இணைப்புகளில் இரண்டு விதமான தப்பு நடக்கும்: இறுக்காமல் விடுவது, அளவுக்கு மீறி இறுக்கிக் குழாயையே நெரிப்பது. இரும்புத் தடுப்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், லாக்கின் (படகை ஏற்றி இறக்கும் கால்வாய் மதகுத் தொட்டி) சுவரில் படகு இடிக்கும் ஒவ்வொரு முறையும் குழாய் கொஞ்சம் அறுபடும்.

கசிவே இல்லாமல் ஹீட்டரைக் கெடுக்கும் தவறுகளும் இருக்கின்றன. 5 கிலோவாட் வெப்பத்தை, போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் 10 டிகிரி வித்தியாசத்தில் எடுத்துச் செல்ல நிமிடத்துக்கு 7 அல்லது 8 லிட்டர் ஓட வேண்டும். படகின் நீளத்துக்கு 10 மி.மீ. குழாயைப் போட்டுவிட்டால் அந்தக் குட்டிப் பம்பால் அது முடியாது. எல்லா ரேடியேட்டரிலும் அறை சூடானதும் தானாக மூடும் தெர்மோஸ்டாட் வால்வு போட்டிருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் மூடும்போது கூலன்ட் போக வழியில்லை. ஒன்றையாவது எப்போதும் திறந்தே விட வேண்டும். ஹெடர் டேங்க் சுற்றின் மிக உயரமான இடத்தில் இருக்கிறதா, அதன் குழாய் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் சேர்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்தில் சேர்த்தால் பம்ப் ஏதாவது ஓர் இணைப்பு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் வராது, ஆனால் ரேடியேட்டரில் காற்று மட்டும் தீராது.

படி 5: கழுவி, நிரப்பி, காற்றை எடுப்பது

காசு கொடுத்துச் செய்த வேலையானால், எதையும் சரிசெய்யும் முன் படி 9-ஐப் படித்துவிடுங்கள். இணைப்புகளைச் சரிசெய்த பிறகு பழைய கூலன்ட்டை முழுவதும் இறக்குங்கள். எந்த வகை என்று தெரியாத பழையதன் மேல் புதியதை ஊற்றாதீர்கள். வெவ்வேறு சேர்மான வகைகள் கலந்தால் சில சமயம் கூழாகித் திரண்டு பம்பையும் ஹீட்டரின் மெல்லிய வழிகளையும் அடைக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, கழுவிய முதல் தண்ணீரையும் கேனில் பிடித்து, நகராட்சி மறுசுழற்சி மையத்தில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்? 22 மி.மீ. செம்புக் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.32 லிட்டர் பிடிக்கும், 15 மி.மீ. குழாய் சுமார் 0.145 லிட்டர். போக வர 28 மீட்டர் 22 மி.மீ. என்றால் 9 லிட்டர். ரேடியேட்டருக்கு ஒவ்வொன்றிலும் 3 லிட்டர் என்று நான்குக்கு 12. சுருளும் ஹீட்டரும் சேர்ந்து 2. மொத்தம் 23 லிட்டரை ஒட்டி வரும். நீங்கள் ஊற்றுவது இதைவிட மிகக் குறைவிலேயே நிரம்பிவிட்டதாகத் தெரிந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதற்காகவே இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொல்கிறேன்.

குடியிருக்கும் படகுக்கு நான் பரிந்துரைப்பது புரோப்பிலீன் கிளைக்கால். சுருள் ஓட்டையானாலும் எத்திலீன் அளவு ஆபத்தில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கலந்து, உறைநிலையை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தயாராகக் கலந்து விற்பதை வாங்கினால் இன்னும் எளிது. வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உறைவது ஒரு பக்கம், கிளைக்காலோடு வரும் துரு தடுப்பும் இல்லாமல் எஃகு ரேடியேட்டர் உள்ளிருந்தே அரிக்கும்.

நிரப்புவதை மேலிருந்து டேங்கில் ஊற்றிச் செய்தால் காற்றோடு நாள் முழுக்கப் போராட வேண்டும். கீழே இருக்கும் வடிகால் வால்வில் ஒரு சிறு பம்பை மாட்டி அடியிலிருந்து மேலே தள்ளுங்கள், காற்று தானாக முன்னேறிப் போகும். படகின் முன்பக்கம் உயர்ந்திருப்பதால் மிஞ்சும் காற்று முன் ரேடியேட்டரில்தான் போய் உட்காரும். நண்பர்கள் சிலரை முன்தளத்தில் நிற்கச் சொல்லிப் படகைச் சமன்செய்தால் அதுவும் வரும். ஏர் எடுக்கும் திருகைத் திறக்கும்போது பம்ப் அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் சில இடங்களில் காற்றை உள்ளே உறிஞ்சிவிடும்.

டேங்கில் ஆறிய நிலையில் மூன்றில் ஒரு பங்கு போதும். 23 லிட்டர் கலவை குளிரிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது முக்கால் லிட்டருக்கு மேல் விரியும். விளிம்புவரை ஊற்றினால் அத்தனையும் வழிந்து, "மறுபடி ஒழுகுகிறது" என்று உங்களைப் பதற வைக்கும்.

படி 6: மின்சாரம்

கூலன்ட் சரியான பிறகும் பற்றவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வயர். க்ளோ பிளக் பழுக்கும்போது மாடலைப் பொறுத்து 8 முதல் 20 ஆம்ப் வரை இழுக்கும். ஹீட்டரும் பேட்டரியும் ஒரே எஞ்சின் அறையில் அருகருகே இருக்கும். ஆனாலும் சிலர் நேராக வயர் இழுக்காமல், கேபினுக்குள் இருக்கும் சுவிட்ச் பலகையிலிருந்து சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.5 சதுர மி.மீ. வயர், 10 மீட்டர் போய் 10 மீட்டர் திரும்பினால் தடை 0.14 ஓம். 12 ஆம்ப் ஓடும்போது 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தாலும் ஹீட்டருக்குக் கிடைப்பது 10.5. அந்த எல்லையில்தான் பல ஹீட்டர்கள் மின்னழுத்தம் போதாது என்று நிற்கும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான்.

அதனால் சும்மா இருக்கும்போது அளந்து "12.6 இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். மல்டிமீட்டரை ஹீட்டரின் பிளக்கிலேயே வைத்து, ஸ்டார்ட் ஆகும் முதல் இரண்டு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒழுகிய கூலன்ட் கனெக்டருக்குள் இறங்கிப் பச்சைப் பூஞ்சை போல அரிப்பு படிந்திருக்கிறதா என்றும் பிளக்கைப் பிரித்துப் பாருங்கள்.

படி 7: டீசல்

இதில் அதிகம் சொல்ல இல்லை. டாங்கில் அளவு ஹீட்டரின் உறிஞ்சு குழாய்க்கு மேலே இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பம்ப் 'டிக்' அடிக்கிறதா என்று பாருங்கள். பம்பிலிருந்து டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும், படுக்கையாக இருந்தால் காற்றுக் குமிழ் உள்ளேயே தங்கும். எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாயில் 'T' வடிவக் கிளை இணைப்பு போட்டு ஹீட்டருக்கு எடுத்திருந்தால், எஞ்சின் ஓடும்போது ஹீட்டருக்கு டீசல் கிடைக்காமல் போகலாம். தனி உறிஞ்சு குழாய்தான் முறை.

படி 8: பூட்டை எடுத்து முதல் ஓட்டம்

பூட்டிக்கொண்ட ஹீட்டரைத் திறக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் கன்ட்ரோலரிலேயே முடியும், சிலவற்றுக்கு ஃபியூஸை ஒரு வரிசைப்படி எடுத்துப் போட வேண்டும், மற்றவற்றுக்குக் கண்டறியும் கருவியும் டீலரும் தேவை. கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். பிழை எண்களை அழிக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தைப் பகலில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பழைய முயற்சிகளில் தேங்கிய டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும், சில நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அணைத்துவிடுங்கள். அப்போதுதான் பர்னரைத் திறக்கும் நேரம் வருகிறது. புகைக்குழாயின் இணைப்புகள், அதன் மேல் சுற்றிய வெப்பக்காப்பு, அது படகுக்கு வெளியே போகும் இடம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் அறையில் புகை கசிந்தால் கேபினுக்கு வந்தே தீரும்.

போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் வெப்பமானியால் அளந்துகொண்டே இருங்கள். 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் நல்லது. போவது 80, திரும்புவது குளிர்ச்சி என்றால் ஓட்டம் இல்லை, உடனே அணைத்துக் காற்றை எடுங்கள். ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்று. கீழே குளிர்ந்தால் கசடு. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் கொதித்து மற்றவை வெதுவெதுப்பாக இருந்தால், அதன் லாக்ஷீல்டு வால்வை (ரேடியேட்டரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) கொஞ்சம் கொஞ்சமாக மூடிச் சமன்செய்யுங்கள்.

மறுநாள் காலை ஆறிய பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒரு சுற்று இறுக்கி, டேங்க் அளவைக் குறித்து, டிஷ்யூ சோதனையை மீண்டும் செய்யுங்கள். அளவு சில நாள் அதே கோட்டில் நின்றால்தான் தரைப்பலகையை மூட வேண்டும்.

படி 9: பொருத்தியவரிடம் கேட்பது

வேலையைக் காசு கொடுத்துச் செய்திருந்தால் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் கூடுதல் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். அது முடியாவிட்டால் அல்லது நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கலாம்.

ஆகவே கசிவின் காரணம் தெரிந்த உடனே, நீங்கள் சரிசெய்யும் முன்பே அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வந்து பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள். உறைபனியில் காத்திருக்க முடியாது என்றால் அதையும் எழுதி, எந்தத் தேதிக்குள் வரவில்லை என்றால் வேறு ஆளை வைத்துச் செய்வீர்கள் என்று குறிப்பிடுங்கள். "சரியில்லாத வேலை" என்று பொதுவாக எழுதாதீர்கள். "ஹீட்டரின் வெளியேறும் ஹோஸ் புடைப்பில்லாத 22 மி.மீ. செம்பின் மேல் ஒரே கிளிப்போடு இருந்தது, படம் 4" என்று எழுதுங்கள். தொகை பெரிது என்றால் தனிப்பட்ட படகு சர்வேயர் ஒருவரின் அறிக்கை வாங்குவது வீண்செலவல்ல.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையான விலைக்கு, 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். பதிலே இல்லை என்றால், வழக்குக்கு முந்தைய கடிதம் ஒன்றை அனுப்பி 14 நாள் அவகாசம் கொடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையான கோரிக்கையை வக்கீல் வைக்காமலே சிறு கோரிக்கை முறையில் தாக்கல் செய்யலாம். ஒப்பந்த மீறலுக்கு அங்கே கால வரம்பு ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து.

கழற்றிய ஹோஸ், கிளிப், ஆலிவ், மாற்றிய உதிரி பாகம் எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதி, பணம் கைக்கு வரும்வரை வைத்திருங்கள்.